வரிப்பண இடாப்பில் எங்க வரிசை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதல்லயே சொல்லிடுறேன். ஏன்னா, அந்த வருஷம் நடந்த கூத்துல பாதி இந்த வாயால வந்தது. மீதிப் பாதி இந்தக் கையால வந்தது.

மகளுக்கு அப்ப அஞ்சு வயசு முடிஞ்சிருந்திச்சு. மஹய்யாவையில எங்க வீட்டு அடுப்படி ஜன்னலைத் திறந்தா, கீழே பள்ளிக்கூடத்து மைதானம் தெரியும். காலையில நான் ரொட்டி சுடுறப்போ அவ ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நிப்பா. அங்க மணி அடிச்சா இவளும் நேரா நிப்பா. அங்க தேவாரம் பாடினா இவளும் பாடுவா. எந்த டீச்சர் குடை கொண்டு வருவாங்க, எந்த வாத்தியார் சேர் பிந்தி வருவாரு, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சேர்க்கிறதுக்கு முன்னாலயே பாதி நாள் படிச்சு முடிச்சிட்டான்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிச் சிரிப்பாரு.

ஒண்ணாம் ஆண்டுக்குச் சேர்க்க இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. நாங்க அந்த வட்டாரத்துலதான் குடியிருக்கோம்னு காட்டணும். அதுக்கு வாக்காளர் பேரெல்லாம் பதியிற இடாப்புல அஞ்சு வருஷத்துப் பிரதி, கரண்ட் பில், பிறப்புச் சான்றிதழ் எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பைல்ல அடுக்கி எடுத்துக்கிட்டுப் போனோம். நடந்து போனா அஞ்சு நிமிஷம். எனக்கு ஒரு பயமும் இல்ல. ஜன்னலைத் திறந்தா தெரியிற பள்ளிக்கூடம், நமக்குத் தராம வேற யாருக்குத் தருவாங்கன்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு உட்கார்ந்தேன்.

அதிபரும், கண்ணாடி போட்ட ஒரு டீச்சரும், ஒரு சேரும் இருந்தாங்க. அந்தக் கண்ணாடி டீச்சர் ரெண்டு கடதாசியை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க.

"வாக்காளர் இடாப்புல ஒன்பதாம் வீடுன்னு இருக்கு. கரண்ட் பில்லுல நாலாம் வீடு. நீங்க இருக்கிறது எதுலம்மா?"

ஒன்பதுலதான்னு நான் சட்டுனு சொன்னேன். நாலுங்கிறது கரண்ட்காரங்க அவங்க வசதிக்கு வச்ச நம்பர்னும் சொன்னேன். பொய் இல்ல, எங்க வரிசையில பன்னிரண்டு வீட்டுலயும் கரண்ட் பில் நம்பர் வேற, கதவு நம்பர் வேற. அது அப்படித்தான்னு எல்லாரும் நம்பியிருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. எனக்குச் சுள்ளுனு ஏறிடுச்சு. அஞ்சு நிமிஷம் நடந்து வந்து என் அடுப்புல புகை வருதா இல்லையான்னு பார்த்துட்டுப் பேசுங்கன்னு ஆரம்பிச்சவ, எங்க மாமனார் இந்த ஊர்ல குழாய் பதிச்ச கதை வரைக்கும் போயிட்டேன். மேசைக்குக் கீழே வீட்டுக்காரரு என் காலை மிதிச்சாரு. அதுக்கும் சேர்த்து ஒரு பேச்சு பேசினேன்.

ரெண்டு கிழமைக்குப் பிறகு பட்டியல் போட்டாங்க. அதுல மகளோட பேர் இல்ல.

வதிவிடம் உறுதியாகலன்னு கடிதம். பள்ளிக்கூடத்துல இடம் எடுக்க இல்லாத விலாசம் காட்டுறவங்க இருக்காங்க, அதனால பள்ளிக்கூடத்து ஆட்கள் கவனமாத்தான் பார்க்கணும்னு இப்ப எனக்கு விளங்குது. அன்னைக்கு விளங்கல. ரெண்டு கிழமைக்குள்ள அப்பீல் போடலாம், மாநகர சபை இடாப்புல இருந்து அத்தாட்சிப்படுத்தின பிரதி ஒண்ணு வச்சா நல்லது, தேவைன்னா வீட்டை வந்தும் பார்ப்போம்னு எழுதியிருந்திச்சு. இந்த இடம் கிடைக்கலன்னா, அஞ்சு வயசுப் பிள்ளை குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்க இருந்து இன்னொரு பஸ்னு போகணும். வீட்டுக்காரரு விடிய முன்னால வேலைக்குப் போயிடுவாரு. நான் வீட்டுல சட்டை தைக்கிறவ. ஆனா என் மனசை அறுத்தது பஸ் இல்ல, அந்த ஜன்னல். பழைய பெட்ஷீட் ஒண்ணை எடுத்து ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிட்டேன். மகள் அதை அவிழ்த்துட்டு, "அம்மா, மணி அடிச்சிட்டாங்க, மறைக்காதீங்க"ன்னா. அடுப்புப் புகைன்னு சொல்லிட்டு முகத்தைத் துடைச்சேன்.

வரிசையில எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினாங்க. உன் புருஷன் சபையிலதானே வேலை, ஒரு கடதாசி எடுக்க முடியாதான்னு. வேலைதான். கான், வடிகால் துப்புரவு பண்ற பகுதியில பதினெட்டு வருஷம். ஆனா அந்த மனுஷன் இத்தனை வருஷமும் சபைக்குள்ள போனது மண்வெட்டி வைக்கிற பின் கேட் வழியா மட்டும்தான். முன் படியில ஏறினதே இல்ல. "நான் கான்ல நிக்கிறவன், மேல என்னை யாருக்குத் தெரியும்?"னு கேட்டுட்டு, சட்டையைக் கொடியில போட்டுட்டுப் படுத்துட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. நானே போறேன்னு கிளம்பிட்டேன்.

போறதுக்கு முன்னால ராத்திரியோட ராத்திரியா உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். மூணு பக்கம். எங்க பரம்பரை, எங்க உழைப்பு, நாட்டு நிலைமை, என் பிள்ளையோட கெட்டித்தனம், எல்லாம் அதுல இருந்திச்சு. கடைசியில "ஆகவே நாங்கள் இங்குதான் குடியிருக்கிறோம் என்பதை உறுதிப்படுத்தித் தருமாறு"ன்னு முடிச்சேன். எழுதி முடிச்சப்போ எனக்கே கண் கலங்கிச்சு. என்னமா எழுதியிருக்கேன்னு நானே ரெண்டு தரம் வாசிச்சேன்.

சபைக் கந்தோர்ல முதல் ஜன்னல்ல இருந்தவரு ரெண்டாவது ஜன்னலைக் காட்டினாரு. ரெண்டாவதுல இருந்தவரு மாடியைக் காட்டினாரு. மாடியில இருந்தவரு சாப்பிடப் போயிருந்தாரு. கடைசியில வரிப்பணப் பகுதியில முக்காடு போட்ட ஒரு மிஸ் இருந்தாங்க. அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை, முப்பது வயசு இருக்கும். என் கடிதத்தை வாங்கி மூணு பக்கத்தையும் வாசிச்சாங்க. ஒரு வரி விடல. ஒரு இடத்துல சிரிப்பை அடக்கினாங்க. குழாய் பதிச்ச இடமாத்தான் இருக்கும். பிறகு கடிதத்தை மடிச்சு என் கையிலயே தந்தாங்க.

"அக்கா, நீங்க எங்கக்கிட்ட நியாயம் கேக்குறீங்க. நியாயம் எந்த அலுமாரியிலயும் ஈக்காது. புத்தகம்தான் ஈக்குது. எந்தப் புத்தகம், எந்தத் தெரு, எந்த வருஷம்னு ஒரு வரியில கேளுங்க. நான் எடுத்துத் தாறேன்."

இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் இப்படி ஒரு உருப்படியான வார்த்தை சொன்னதில்ல. நான் அங்க போனது, நான் யாருன்னு அவங்க சொல்லணும்னு. அவங்கக்கிட்ட இருக்கிறது, யாரு எந்த வீட்டுலன்னு வருஷா வருஷம் எழுதி வச்ச பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கத்தைக் கேட்டா கிடைக்கும். வேற எதைக் கேட்டாலும் அடுத்த ஜன்னலைத்தான் காட்டுவாங்க. இது தெரியாமத்தான் நாங்கெல்லாம் காலங்காலமா கந்தோர் வாசல்ல நின்னு கதை சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்.

அந்த மிஸ் இன்னும் விளக்கினாங்க. புத்தகத்துக்குப் பேரு வரிப்பண இடாப்பு. சபை எல்லைக்குள்ள இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அதுல ஒரு வரி. வந்து கேட்டா பார்க்கலாம், சின்னக் கட்டணம் கட்டினா சீல் வச்ச பிரதி கிடைக்கும். இல்லன்னு யாராச்சும் சொன்னா மேல தகவல் அலுவலர்னு ஒருத்தரு இருக்காரு, அவருக்குத் தகவல் உரிமைப் படிவம் கொடுத்தா குறிச்ச நாளுக்குள்ள பதில் தந்தாகணும். தமிழ்லயே எழுதலாம். "ஏன் கேக்குறீங்கன்னு உங்களைக் கேக்க ஏலாது"ன்னாங்க. எனக்குப் புல்லரிச்சிருச்சு. எதைக் கேட்டாலும் ஏன், எதுக்குன்னு திருப்பிக் கேக்குற உலகத்துல, அப்படி ஒரு சட்டம் இருக்குதா? படிவம் ஒண்ணை வாங்கி பத்திரமா மடிச்சு வச்சுக்கிட்டேன். கையில இருந்தா தைரியம்.

சரி, தெரு என்னன்னு கேட்டாங்க. வரிசையோட கீழ் முனையில பொதுக் குழாய் இருக்கு, அதனால பைப்படி வரிசைன்னு சொன்னேன். புத்தகத்துல அப்படி ஒரு தெருவே இல்ல. அந்த மிஸ் முன்னால தேடினாங்க, பின்னால தேடினாங்க. பைப்படி வரிசைன்னு சொன்னா ஓட்டோக்காரருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும், மார்க்கெட்ல கருவாட்டுக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். சபைப் புத்தகத்துக்கு மட்டும் தெரியல. வெறுங்கையோட திரும்பி வந்தேன்.

அன்னைக்குப் பின்னேரம் வீட்டுக்காரரு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. நான் பாத்திரத்தை நங்குனு வச்சு வச்சு நடந்ததைச் சொன்னேன். மனுஷன் கருவாட்டு முள்ளை எடுத்துக்கிட்டே, எங்க வேலைச் சீட்டுல அது இரண்டாம் குறுக்குச் சந்து வலப்பக்கம்னு வரும்னாரு. ஒன்பது வருஷம் இந்த வரிசையில வாழுறேன், ஒரு நாள் சொல்லலையேன்னு கேட்டேன். நீ கேக்கலையேன்னாரு. கோபப்படுறதா, சிரிக்கிறதான்னு தெரியாம இன்னும் ஒரு துண்டு கருவாட்டைத் தட்டுல போட்டேன்.

மறுநாள் அவரையும் இழுத்துக்கிட்டுப் போனேன். கல்யாணச் சட்டையைப் போட்டு வந்தாரு. முன் படியில கால் வைக்க முன்னால செருப்பைக் கழட்டப் பார்த்தாரு. இது கோயில் இல்ல, ஏறுங்கன்னு தள்ளிவிட்டேன். அந்த மிஸ் உள்ள போய் புத்தகத்தை ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து மேசையில வச்சாங்க. அம்மியைத் தூக்கிட்டு வந்த மாதிரிதான் மூச்சு வாங்கினாங்க. எல்லாம் சிங்களத்துல எழுதியிருந்திச்சு. பேசத் தெரியும் எனக்கு, வாசிக்க மெதுவா வரும். அவங்க வரிக்குக் கீழே அடிமட்டக் கோலை வச்சு, தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தாங்க.

பன்னிரண்டு வீடும் ஒரே பக்கத்துல. ஒன்பதாம் வீட்டுக்கு நேரா, எங்களுக்கு மேல அஞ்சு கதவு தள்ளி இருக்கிற லொறி ட்ரைவரோட பேரு. நாலாம் வீட்டுக்கு நேரா எங்க வீட்டுக்காரரு பேரு. எங்க கல்யாணம் முடிஞ்ச வருஷத்துல இருந்து, வருஷம் தவறாம, நாலாம் வீடு.

"இது தப்பு மிஸ்"னு நான் சத்தமாச் சொன்னேன்.

அவங்க கோபப்படல. உங்க வீடு ஒன்பதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. கதவு நிலையில தகடு இருக்கேன்னேன். அந்தத் தகட்டை யாரு அடிச்சதுன்னாங்க. வீட்டுக்காரரு மெதுவா என் பக்கம் திரும்பிப் பார்த்தாரு.

நான்தான். இந்தக் கையாலதான்.

எங்க வரிசையில ஒரு பழக்கம். குடும்பம் பெருத்தா, கூரை ஒழுகினா, வரிசைக்குள்ளயே வீடு மாறிக்குவோம். சபை வீடுதான், ஒரு மனு கொடுத்தா மாத்தித் தருவாங்க. மாறிப் போறப்போ முதல்ல உப்பும் மஞ்சளும் போகும், பிறகு சாமி படம், பிறகு நம்பர் தகடு. நம்பர் குடும்பத்தோடது. தபால் அந்த நம்பருக்குத்தான் வரும், வாக்குச் சீட்டு அந்த நம்பருக்குத்தான் வரும், அதை எப்படி விட்டுட்டுப் போறது? கல்யாணம் முடிஞ்ச மூணாம் மாசம், மாமனார் மாமியார் மூத்த மகனோட இருக்கப் புசல்லாவைக்குப் போனாங்க. நாங்க ஒழுகாத கூரைக்காக மேல இருந்து கீழ வீட்டுக்கு வந்தோம். முக்காலி போட்டு ஏறி, தகட்டைக் கழட்டி, முந்தானையில துடைச்சு, கீழ வீட்டு நிலையில பூட்டினது நான். புது மருமகள், பொறுப்பாச் செய்றான்னு எல்லாரும் மெச்சினாங்க. வாக்காளர் படிவம் நிரப்புறவரு தகட்டைப் பார்த்து ஒன்பதுன்னு எழுதினாரு. சபை ஆள் பைப்படியில இருந்து எண்ணிக்கிட்டே வந்து நாலுன்னு எழுதினாரு. ரெண்டு பேருமே சரியாத்தான் எழுதியிருக்காங்க.

இதை நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த மிஸ் மேசையில தலையைக் கவிழ்த்துக்கிட்டாங்க. தோள் குலுங்கிச்சு. அழுறாங்களோன்னு பயந்துட்டேன். நிமிர்ந்தப்போ சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சிங்களத்துல சொன்னாங்க. அவரு அடுத்த மேசைக்குச் சொன்னாரு. அந்தப் பகுதியே சிரிச்சிச்சு. பன்னிரண்டு வீடுமா அக்கான்னு கேட்டாங்க. பன்னிரண்டும்தான்னேன்.

பிறகு அவங்கதான் வழி சொன்னாங்க. நடந்த கதையை எழுதி சீல் குத்தித் தர அவங்களால ஏலாது, இருக்கிற பக்கத்தைத்தான் தருவாங்க. அதனால எங்க வீட்டு வரியை மட்டும் கேக்காம முழுப் பக்கத்தையும் கேளுங்க. தேர்தல் கந்தோர்ல போய் வாக்காளர் இடாப்புலயும் அதே வரிசையோட முழுப் பக்கத்தைக் கேளுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒரு குடும்பம் மட்டும் நம்பர் மாறியிருந்தா சந்தேகம் வரும். பன்னிரண்டும் மாறியிருந்தா வராது.

சீல் வச்ச பக்கத்தை வாங்கிக்கிட்டு வர்ற வழியில, மார்க்கெட் பக்கம் எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்திச்சு. என் பிள்ளையோட பள்ளிக்கூடத்தை நானே என் கையால கழட்டி எடுத்திருக்கேனே, தன் வினை தன்னைச் சுடும்ங்கிறது இதுதானேன்னு நடுரோட்டுல நின்னு புலம்பினேன். வீட்டுக்காரரு ரெண்டு வடை வாங்கி ஒண்ணை என் கையில வச்சாரு. கழட்டினதைத் திருப்பிப் பூட்டலாம், சாப்பிடுன்னாரு. அந்த வடை மாதிரி ஒரு வடை நான் பிறகு சாப்பிடல.

தேர்தல் கந்தோர் வேலை ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு. இப்பதான் எனக்குக் கேக்கத் தெரியுமே. எந்த இடாப்பு, எந்தத் தெரு, எந்த வருஷம், மூணே வார்த்தை. அங்க இருந்தவரு என்னை ஏதோ பெரிய கந்தோர்ல வேலை செய்றவன்னு நினைச்சு மிஸ்னு கூப்பிட்டாரு. நான் மறுக்கல. ரெண்டு பக்கத்தையும் சேர்த்து அப்பீலைக் கொடுத்துட்டு, ரெண்டுக்கும் போட்டோக்கொப்பி எடுத்துக்கிட்டு வந்து பைப்படியில விரிச்சேன்.

அடேயப்பா, அன்னைக்குப் பார்க்கணுமே எங்க வரிசையை. ஆளாளுக்கு விரல் வச்சு அவங்கவங்க நம்பரைத் தேடினாங்க. எட்டாம் நம்பர் மாமா, கால் உடைஞ்சதுல இருந்து கோழி செத்தது வரைக்கும் எல்லாத்துக்கும் எட்டுதான் காரணம்னு வாழ்நாள் முழுக்கத் திட்டினவரு. அவரு உண்மையில ஆறாம் வீடு. இத்தனை வருஷமா சும்மா கிடந்த எட்டைத் திட்டியிருக்கேனேன்னு தலையில கையை வச்சுக்கிட்டாரு. அப்ப கோழி ஏன் செத்திச்சுன்னு அவரு பொண்டாட்டி கேட்டாங்க.

ஆனா மேல் வீட்டு அக்கா முகம் மட்டும் வாடிப் போச்சு. வரிசையோட உச்சியில இருக்கிறவங்க, தகடு ஒண்ணு. திருவிழாவுக்குக் கோயில்ல இருந்து பிரசாதத் தட்டு நம்பர்படிதான் வரும், ஒண்ணாம் வீட்டுக்கு முதல் தட்டு. அக்கா அந்தப் பெருமையிலயே தலைமுடி நரைச்சவங்க. இடாப்புப்படி ஒண்ணு பைப்படியில தொடங்குது. அக்கா பன்னிரண்டு, கடைசித் தட்டு. அக்கா பக்கத்தைப் பார்த்தாங்க, கீழே மைதானத்தைப் பார்த்தாங்க. "என் ஒண்ணு போனாப் போகுது. பிள்ளை படிக்கட்டும். முதல்ல என் தகட்டைக் கழட்டுங்க"ன்னாங்க. நான் போய் அவங்களைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டேன். எனக்கும் அவங்களுக்கும் தண்ணி வாளி விஷயத்துல மூணு வருஷமாப் பேச்சு இல்ல.

சனிக்கிழமை காலையில நல்ல நேரம் பார்த்து ஆரம்பிச்சோம். அவசரப்படுத்தினது நான்தான். வீடு பார்க்க யாராச்சும் வந்தா, இடாப்புல நாலு, நிலையில ஒன்பதுன்னு மறுபடியும் ஒரு குழப்பம் வரக்கூடாதுன்னு நினைச்சேன். பன்னிரண்டு தகட்டையும் கழட்டிப் பாயில பரப்பியாச்சு. ஒரு கூட்டம் துரு சுரண்டிச்சு, ஒரு கூட்டம் ஆணி தேடிச்சு, நிலைக்கு நிலை முக்காலி மேல ஒரு ஆள், கையில ஸ்க்ரூட்ரைவர். அந்த நேரம் பார்த்து சந்து முனையில கண்ணாடி டீச்சரும் அந்த சேரும் வந்து நிக்கிறாங்க.

விலாசத்துல சந்தேகம்னு பார்க்க வந்தவங்க கண் முன்னால, ஒரு வரிசையே பட்டப்பகல்ல நம்பரை மாத்திக்கிட்டு நிக்குது. இதை விடப் பெரிய கள்ளத்தனம் வேற என்ன வேணும்? அவங்க பாயைப் பார்த்தாங்க, தகடுகளைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. என் நீள வாய் அன்னைக்கு ஒட்டிக்கிச்சு. போச்சு, எல்லாம் போச்சுன்னு மகளோட கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்.

வீட்டுக்காரருதான் முக்காலியில இருந்து இறங்கினாரு. கதிரை ரெண்டைத் துடைச்சுப் போட்டாரு. உள்ள போய் பைலை எடுத்துக்கிட்டு வந்து ரெண்டு பக்கத்தையும் சேரோட கையில கொடுத்தாரு. எனக்கே கேட்டுப் பழக்கமில்லாத ஒரு குரல்ல பேசினாரு.

"சேர், இது சபைப் புத்தகத்துப் பக்கம். ஒண்ணுல இருந்து வாசிங்க. பைப்படியில இருந்து ஒவ்வொரு வீட்டுக்காரங்களும் அவங்கவங்க வாசல்ல நிப்பாங்க. ஒரு பேரு மாறினாலும் நீங்க எழுந்து போயிடலாம்."

யாரும் யாருக்கும் சொல்லல. பன்னிரண்டு குடும்பமும் கையில இருந்ததைப் போட்டுட்டு அவங்கவங்க வாசல்ல போய் நின்னாங்க. சேர் ஒண்ணாம் பேரை வாசிச்சாரு. பைப்படி வீட்டுக்காரரு, இருக்கேன் சேர்னாரு. ரெண்டாம் பேரு. இருக்கோம் சேர். மூணாம் வீட்டுல கட்டில்ல கிடந்த மாமா உள்ள இருந்தே குரல் கொடுத்தாரு. நாலாவதா எங்க பேரை வாசிச்சப்போ, வீட்டுக்காரரு சேருக்குப் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. ஓடி வந்து எங்க வாசல்ல, எனக்கும் மகளுக்கும் நடுவுல நின்னு, மூச்சு வாங்க, இருக்கேன் சேர்னாரு. பதினெட்டு வருஷமா பின் கேட் வழியா போய் வந்த மனுஷன், அவரு பேரை ஒரு சேர் புத்தகத்தைப் பார்த்து உரக்க வாசிக்க, அதுக்குத் தலையை நிமிர்த்திப் பதில் சொல்றாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்திச்சு. மேல போகப் போக எல்லாருக்கும் உற்சாகம் ஏறிடுச்சு. பன்னிரண்டாவதா மேல் வீட்டு அக்கா சொன்ன பதில் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு டீச்சர் வாக்காளர் பக்கத்தை எடுத்தாங்க. அதே பன்னிரண்டு பேரு, நம்பர் மட்டும் பன்னிரண்டும் மாறி. ஏம்மா, தகட்டை ஏன் தூக்கிட்டுப் போனீங்கன்னு என்னைக் கேட்டாங்க. நம்பர் ஆளுக்குன்னு நினைச்சோம் டீச்சர், வீட்டுக்குன்னு தெரியாதுன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. உதட்டைக் கடிச்சுக்கிட்டு ஏதோ எழுதினாங்க. மேல் வீட்டு அக்கா கொண்டு வந்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, ஒரு பதிலும் சொல்லாமப் போயிட்டாங்க. ஆனா சந்து முனை திரும்பினதும் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்ச சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டிச்சு.

பட்டியல் வந்த அன்னைக்கு நான் போகல, பயம். வீட்டுக்காரரு வேலை உடுப்போடயே போனாரு. அடுப்படி ஜன்னல்ல நின்னு பார்க்கிறேன், கீழே மைதான ஓரத்துல பலகைக்கு முன்னால நிக்கிறாரு. விரலால வரி வரியாத் தேடுறாரு. பிறகு திரும்பி, எங்க ஜன்னலைப் பார்த்து ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினாரு. நான் போட்ட சத்தத்துல பன்னிரண்டு கதவும் திறந்திச்சு.

முதல் நாள் காலையில வெள்ளைச் சட்டை, புதுச் சப்பாத்து. நானே தைச்ச சட்டை, மூணு தரம் பிரிச்சுத் தைச்சது. கேட் பக்கத்துல போனதும் அழுவா, கட்டிப் பிடிச்சிக்குவா, எப்படிச் சமாதானம் சொல்றதுன்னு ராத்திரி முழுக்க யோசிச்சு வச்சிருந்தேன். கண்ணாடி டீச்சர் வாசல்ல நின்னாங்க. மகள் என் கையை உதறிட்டு, காலை வணக்கம் டீச்சர்னு சொல்லிட்டு உள்ள ஓடிட்டா. திரும்பிக்கூடப் பார்க்கல. வழி கேக்கல, வகுப்பு எதுன்னு கேக்கல. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. இவளுக்காகக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கின எனக்கு ஒரு டாட்டா கூட இல்ல. ரெண்டு கையும் சும்மா தொங்க, பல்லெல்லாம் தெரிய, நான் அந்த கேட்டுல நின்னுக்கிட்டே இருந்தேன்.